முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்பவர்களுக்கு

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் 2021 விதிகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் 41 பேர் இருக்கிறோம். ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா விடிந்ததும் எதையாவது போட்டுவிடுவார்: மூட்டுவலிக்கு முடக்கத்தான், ஏதோ ஒரு கோயிலின் தேரோட்டம், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு விபத்து வீடியோ. யார் எடுத்தது என்று கேட்டால் "வந்துச்சுப்பா, போட்டேன்" என்பார். உடுமலையில் இருக்கும் அத்தை அதை ஐந்தே நிமிடத்தில் தன் தெருப் பெண்களின் குரூப்புக்குத் தள்ளிவிடுவார். நீங்கள் 2021 பிப்ரவரி 25 அன்று அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்று ஒன்று இருக்கிறதே, உத்தரவு வந்தால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று செயலி காட்டிக்கொடுக்க வேண்டும் என்கிற விதி, அதன்படி அந்த வீடியோவில் ஏதாவது வில்லங்கம் இருந்தால் அதை ‘முதலில் அனுப்பியவர்’ என் அத்தை. ஏனென்றால் சித்தப்பா இந்தியாவுக்கு வெளியே இருக்கிறார். வெளியே இருந்து வந்த செய்தியென்றால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே முதல் ஆளாகக் கொள்ள வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அத்தைக்கு இது தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார், "நான் என்னத்தடா பண்ணேன்" என்பார். அவர் கேட்பதில் என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன், சாவிகளும் சான்றிதழ்களும் என் அன்றாட வேலை, அதற்கு மேல் எந்தத் தகுதியும் எனக்குக் கிடையாது. இந்த விஷயத்தில் சண்டை போடுகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஒரு பக்கம் "தேசத்தை விடவா உன் சாட் முக்கியம்", இன்னொரு பக்கம் "அரசு எல்லாவற்றையும் படிக்கிறது". நடுவில் விதி என்று ஒன்று இருப்பதை இரண்டு பேருமே படிப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால் விதி முழுக்க மோசமில்லை. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகளுக்குத்தான் இது. கோர்ட் உத்தரவோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஒட்டுக்கேட்க அதிகாரம் தரும் 69ஆம் பிரிவின் கீழ் உரிய அதிகாரியின் உத்தரவோ வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்முறை, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வேறு லேசான வழி இருந்தால் இந்த வழியில் போகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். செய்தியின் உள்ளடக்கத்தைக் கம்பெனி தர வேண்டியதில்லை என்றும் இருக்கிறது.

எனக்குச் சிக்கலே இந்தக் கடைசி வரியில்தான். "உள்ளடக்கத்தை நாங்கள் கேட்கவே இல்லையே, யார் அனுப்பினார் என்று மட்டும்தானே கேட்கிறோம்" என்று உங்கள் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஐயா, நீங்கள் வரும்போதே உள்ளடக்கம் உங்கள் கையில் இருக்கிறது! அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் "இதை எழுதியது யார்" என்று கேட்கிறீர்கள். பெயர் கிடைத்த அந்த நொடியில் இந்த ஆள், இந்த நாளில், இதைச் சொன்னார் என்ற மொத்தமும் உங்களிடம் சேர்ந்துவிடுகிறது. அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வருகிறது என்று வையுங்கள். மேலதிகாரி ஊழியர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து எழுதச் சொல்லி, "கடுதாசியில் என்ன இருக்கிறது என்று நான் உங்களைக் கேட்கவில்லை, கையெழுத்தை மட்டும்தான் ஒப்பிடுகிறேன்" என்றால் அந்த அலுவலகத்தில் அடுத்த கடுதாசியை எவர் எழுதுவார்? ஆற்றில் ராத்திரி மணல் அள்ளுவதைப் படம் பிடித்து ஒரு நிருபருக்கு அனுப்பும் பையனுக்கு அந்தப் படத்தை மறைக்க வேண்டிய தேவையே இல்லை, ஊரே பார்க்கட்டும் என்றுதான் அனுப்புகிறான். அவன் மறைக்க வேண்டியது தன் பெயரை மட்டும். ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் திணிக்க முடியும் என்பது நம் ஊர் எஃப்ஐஆர்களைப் படித்திருக்கும் எவருக்கும் தெரியும்.

அப்புறம், என் தொழில் சார்ந்த சங்கதி. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸப்பில் எல்லாருடைய செய்தியும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு. சாவி நம் போனிலேயே உருவாகிறது, நடுவிலிருக்கும் சர்வருக்கு அது கிடைப்பதில்லை, போதாததற்கு ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே இருக்கிறது. அத்தை ‘காலை வணக்கம்’ என்ற இரண்டே சொல்லை இருபது பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் நடுவில் இருப்பவருக்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இருபது குப்பைகள். எது எதன் நகல் என்று தெரியாது, எது முந்தியது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

‘முதல்’ என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் யார் என்று சாப்பாடு முடிந்த பிறகு சொல்ல வேண்டுமானால், வந்தவர் அத்தனை பேரையும் வாசலிலேயே ஒருவர் குறித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எந்தச் செய்தி அடுத்த மாதம் குற்றமாகப் போகிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே நாடு முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பும் எல்லாவற்றுக்கும் இன்றே ஒரு அடையாளம் போட்டு வைத்தாக வேண்டும். கோர்ட் உத்தரவு வந்தால்தான் கேட்போம் என்கிறீர்கள், சரி. உத்தரவு வருவது கேட்பதற்கு. குறித்து வைப்பது உத்தரவு எதுவும் இல்லாமல், குற்றம் எதுவும் நடக்காமல், எல்லோர்மீதும் முன்கூட்டியே நடக்க வேண்டிய வேலை. ஒரு தெருவில் திருட்டு நடந்தால் விசாரிக்கலாம். என்றைக்காவது திருட்டு நடக்கும் என்று எல்லா வீட்டுக்குள்ளும் ஒரு ஏட்டையாவை உட்கார வைப்பதைப் போலீஸ்காரர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எப்படிச் செய்வது என்பதற்கு அரசுத் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது: ஒவ்வொரு செய்திக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒன்று. ஹாஷோடு தினமும் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், செய்தியில் ஒரு புள்ளியைக் கூட்டினால் ஹாஷ் மொத்தமும் மாறிவிடும். கெட்டது செய்யத் துணிந்தவன் ஒரு இடைவெளியைச் சேர்த்துவிட்டு மறுபடி ‘முதல் ஆள்’ ஆகிவிடுவான்; இல்லை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர் முதல் ஆளாகிவிடுவார். இதைவிட மோசமான பக்கம் ஒன்று உண்டு. சின்னச் சின்ன வாக்கியங்களின் ஹாஷை எவரும் ஊகித்துக் கணக்கிட முடியும். "நாளைக்கு எல்லோரும் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூடுவோம்" என்ற வரிக்கு ஹாஷ் எடுத்து, ஹாஷ்களைக் குறித்து வைத்த பதிவேட்டில் தேடினால், அதை அனுப்பியவர்கள் பட்டியல் அப்படியே வந்து விழும். அப்போது உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லை என்ற பேச்சு எங்கே போகும்?

இந்தக் கதையில் பாதி சென்னையில் நடந்தது என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 2018இல் சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். ஆதார் பேச்சு மெல்ல ஒதுங்கி, வழக்கு ‘அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி, பின்னாளில் அதன் இயக்குநர் ஆனவர், 2019இல் ஒரு வழி சொன்னார்: செய்தியோடு சேர்ந்து எழுதியவரின் அடையாளமும் பயணிக்கட்டும், கோர்ட் கேட்டால் திறந்து பார்க்கலாம். அதை எதிர்த்து ஐஐடி பாம்பேயின் மனோஜ் பிரபாகரன், அந்த அடையாளத்தைப் பொய்யாக ஒட்ட முடியும், அப்பாவி மாட்டுவார் என்று அறிக்கை கொடுத்தார். இரண்டு பேரும் குறியாக்கம் தெரிந்தவர்கள், இரண்டு பேரும் பேரைப் போட்டு எழுதினார்கள், நானும் நீங்களும் படித்து யார் சொல்வது சரி என்று யோசிக்க முடிந்தது. விவாதம் என்றால் அப்படி இருக்க வேண்டும். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே ஒரு முடிவு வரும் முன்பே நீங்கள் விதியை அறிவித்துவிட்டீர்கள்.

2018ஐப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை எழுதினால் நான் யோக்கியன் இல்லை. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு வயதான பெண்மணியைக் குழந்தைக் கடத்தல்காரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். குழந்தை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸப் வதந்தி அப்போது வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ‘அந்த வதந்தியைக் கிளப்பியவனைக் கண்டுபிடிக்க வேண்டாமா’ என்று நீங்கள் கேட்டால் எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் யாரை? அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் சுற்றிய கடத்தல் வீடியோ ஒன்று ஞாபகம் இருக்கிறதா, பைக்கில் இரண்டு பேர் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். கடைசியில் அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். இப்போது உங்கள் விதியைக் கொண்டுவந்து வையுங்கள். எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு எடுத்தார்கள், அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வெட்டியது யார், எந்த நாட்டில், எந்தச் செயலியில் என்று விதியால் சொல்ல முடியாது. விதி காட்டப்போவது இந்தியாவில் அதை முதலில் அனுப்பிய ஒருவரை, அவர் தன் அக்காவுக்கு "பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கோ" என்று அனுப்பியவராகக்கூட இருக்கலாம். என் அத்தை மாதிரி. "ஏரியாவில் நூறு பேர் இறங்கிட்டாங்க, பாத்தா விடாதீங்க" என்று அதற்குக் குரல் சேர்த்துப் பரப்பியவன் ஐந்தாவது ஆளாக இருந்தால் விதிக்கு அவன் மேல் அக்கறை இல்லை.

அன்றைக்கு ஓரளவு வேலை செய்தது என்ன என்பதும் நமக்குத் தெரியும். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அதன் பின் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று அந்தக் கம்பெனி சொல்கிறது. அது கம்பெனி சொல்லும் கணக்கு, அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. ஆனால் எவருடைய பெயரையும் குறித்துக்கொள்ளாமல் செய்த காரியம் அது. போளூர் வழக்கில் போலீஸ் பல பேரைக் கைது செய்ததே, அதற்கு எந்த ஹாஷும் தேவைப்படவில்லை. அடித்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள், அவர்களை வீடியோவில் பார்த்தவர்கள் இருந்தார்கள். இன்றும் போலீஸ் ஒரு போனைப் பறிமுதல் செய்து திறந்தால் சாட் முழுக்க அதிலேயே இருக்கிறது. யார் யாரோடு எப்போது தொடர்பு, எந்த ஐபி முகவரி என்பதெல்லாம் குறியாக்கத்துக்கு வெளியே கிடக்கிற விவரங்கள், அவற்றைக் கேட்டு வாங்க ஏற்கெனவே வழி இருக்கிறது. ஒன்றுமே கிடைக்காமல் கை கட்டி நிற்பதாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

"கதவு எங்களுக்கு மட்டும்தான் திறக்கும்" என்ற வாக்குறுதியைப் பற்றி. கிரேக்க நாட்டில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில், அந்நாட்டுப் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. ஒட்டுக்கேட்டவர்கள் புதிதாக எதையும் கட்டவில்லை. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளில் இருந்த வசதியைத்தான் ரகசியமாக இயக்கினார்கள். இருபது வருடம் கழித்து 2024இல் அமெரிக்காவில் அதே கதை: சால்ட் டைஃபூன் என்று பெயர் வைக்கப்பட்ட சீன ஊடுருவல் கும்பல் பெரிய தொலைத்தொடர்பு கம்பெனிகளுக்குள் புகுந்து, கோர்ட் உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகள் வரை போனது. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசின் அதிகாரிகளே மக்களைப் பார்த்து, குறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனை வருடம் அதே குறியாக்கத்தைத் திட்டியவர்கள்! இந்திய மக்கள் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்ற பதிவேடு ஒன்று உருவானால் அதைக் கேட்டு வரிசையில் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? சர்வர் பார்க்கிறவன் எவனையாவது கேட்டுப் பாருங்கள், திருடு போகாத ஒரே தரவு சேர்த்து வைக்காத தரவுதான் என்பான்.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். 69ஆம் பிரிவு உத்தரவைப் போடுவது உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்ப்பது மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் இன்னும் இரண்டு செயலாளர்களும் கொண்ட மறுஆய்வுக் குழு. மூவரும் அதிகாரிகள், நீதிபதி ஒருவர்கூடக் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். போன் ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பார்ப்பதும் இதே குழுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பதிலில், மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை போன் ஒட்டுக்கேட்பு உத்தரவு போடுவதாகத் தெரியவந்தது. அந்தக் கணக்கை வைத்து, ஒரு கூட்டத்துக்கு 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டிய நிலை என்று 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக நீங்கள் அமைத்த குழு அது. மூன்று பேர், ஒரு கூட்டம், பதினைந்தாயிரம் கோப்பு. எங்கள் ஊர் ரேஷன் கடையில்கூட ஒரு கார்டுக்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

இது கற்பனை பயம் என்று சொல்ல முடியாதபடி சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காகப் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாத வழக்கில் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்றார், ஒட்டுக்கேட்டுச் சேர்த்ததை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதையும் குறித்தார். உத்தரவு தப்பு என்று தெரிய 14 வருடம். அதுவும் வழக்கு நடத்த வசதியுள்ள ஒருவர் போராடியதால் தெரிந்தது. ஒட்டுக்கேட்கப்பட்டது கடைசி வரை தெரியாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது?

"மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு" என்று கேட்கிறவர்களுக்கு நீண்ட பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்லி, அதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். உங்களுக்கு ஒன்று மட்டும். 2023இல் நீங்கள் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தையே திருத்தி, ஒரு அதிகாரியைப் பற்றிய தகவலைத் ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி மறுப்பதை முன்பைவிடச் சுலபமாக்கியது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவிப்பு ஒன்றைப் போட்டு எந்த அரசு அமைப்புக்கும் விலக்குக் கொடுக்க வழி செய்கிறது. தனியுரிமை என்றால் என்ன என்பது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தவறினால் திருத்திக்கொள்ளும் வழக்கமும் உங்களிடம் இருக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். 2015 செப்டம்பரில் தேசியக் குறியாக்கக் கொள்கை என்று ஒரு வரைவு விட்டீர்கள். குறியாக்கம் செய்து அனுப்பியதைச் சாதாரண மக்களும் 90 நாள் வெறும் எழுத்தாக எடுத்து வைத்திருக்க வேண்டும் என்றது அது. நாடே சிரித்தது, சில நாட்களில், செப்டம்பர் 22 அன்று, அப்போதைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் திரும்பப் பெற்றார். 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை எல்லாப் புது போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்றது, டிசம்பர் 3க்குள் அதுவும் போய்விட்டது. 4(2) மட்டும் ஐந்து வருடமாக அசையாமல் நிற்கிறது. வாட்ஸப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது, குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அங்கே வாதாடியது. வாட்ஸப்புக்காக நான் கண்ணீர் விடவில்லை, விளம்பரத்துக்காக நம் விவரங்களைச் சேர்க்கும் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நமக்காக வாதாட வேண்டியிருக்கிறதே என்பது வேறு வருத்தம்.

வாட்ஸப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீர் பயங்கரவாதத்தைச் சொல்லி 14 செயலிகளைத் தடை செய்தீர்கள். அதில் எலிமென்ட்டும் பிரையரும் கட்டற்ற மென்பொருள், மூல நிரலை எவரும் இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். எலிமென்ட்டின் கிளை ஒன்றைத்தான் பிரான்ஸ் அரசு தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள டிசாப் என்ற பெயரில் நடத்துகிறது. திட்டம் போட்டுக் குற்றம் செய்கிறவன் 50 லட்சம் பேர் இல்லாத ஏதோ ஒரு செயலிக்குப் போய்விடுவான், உங்கள் விதி அங்கே செல்லாது. அடையாளம் போட்ட செயலியில் மிச்சமிருப்பது அத்தையும் சித்தப்பாவும் நானும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 4(2)ஐத் திரும்பப் பெறுங்கள். அது முடியாதென்றால், கோர்ட் முடிவு வரும் வரை ‘இந்தியாவில் முதலில் அனுப்பியவரே முதல் ஆள்’ என்ற அந்த ஒரு வரியையாவது எடுங்கள், அதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. 69ஆம் பிரிவு உத்தரவுகளை ஒரு நீதிபதி பார்க்கட்டும். வருடத்துக்கு எத்தனை உத்தரவு போட்டீர்கள், எத்தனையை மறுஆய்வுக் குழு நிராகரித்தது என்ற இரண்டே எண்களை வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், வழக்கு விவரம் வேண்டாம், இரண்டு எண்.

பதில் போடுவதாக இருந்தால் தமிழில் போடுங்கள், அத்தைக்கும் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கோவையில் சர்வர் பார்க்கும் ஒருவன்